பீப் சத்தம் வருகிறது, லாக்கர் திறக்கவில்லை: டிஜிட்டல் லாக்கர் பேட்டரி பற்றி ஓர் எளிய விளக்கம்

டிஜிட்டல் லாக்கரின் பேட்டரியைப் பற்றி நம் ஊரில் பேசிக்கொள்வதில் பாதி தப்பு. பேட்டரி தீர்ந்தால் நம்பர் அழிந்துவிடும் என்பார் ஒருவர். பேட்டரியைக் கழற்றினாலே கதவு திறந்துகொள்ளும், அதெல்லாம் ஒரு பாதுகாப்பா என்பார் இன்னொருவர். கரண்ட் போனால் என்ன செய்வது என்று கவலைப்படுகிறவர்களும் உண்டு. ஜூன், ஜூலைக் காற்றில் மரம் விழுந்து லைன் அறுந்தால் எப்போது சரியாகும் என்று சொல்ல முடியாத நீலகிரியில் அந்தக் கவலை வருவது நியாயம்தான், ஆனால் வீட்டு லாக்கருக்கும் வீட்டுக் கரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது, அது முழுக்க பேட்டரியில் ஓடுவது.

இவை எல்லாவற்றையும்விட அடிக்கடி காதில் விழுவது வேறு ஒன்று: "பட்டனை அமுக்கினா பீப் சத்தம் நல்லா வருது, பச்சை லைட்டும் எரியுது, அப்போ பேட்டரி நல்லாத்தானே இருக்கு? பூட்டுதான் போயிடுச்சு." இந்தத் தப்பு மட்டும்தான் கையைக் கடிக்கும். பூட்டைத் திறக்கத் தெரிந்த ஆள் பெரும்பாலும் கோவையிலிருந்தோ மேட்டுப்பாளையத்திலிருந்தோ மலை ஏறி வர வேண்டும், வந்து கதவில் துளை போட்டார் என்றால் லாக்கரே பாழ். ஒரு புது பேட்டரியில் முடிகிற வேலைக்கு இவ்வளவும் நடக்கிறது.

கதவுக்குள் என்ன இருக்கிறது

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்த்துவிடலாம். லாக்கர் கதவின் கனமான கம்பிகளை நகர்த்துவது கரண்ட் இல்லை, உங்கள் கைதான். கைப்பிடியையோ குமிழையோ திருப்பும்போது கம்பிகள் உள்ளே போகின்றன, கதவு திறக்கிறது. அப்படித் திருப்ப விடாமல் குறுக்கே ஒரு சின்ன முளை நிற்கிறது. சரியான நம்பரைப் போட்டதும் அந்த முளையை விலக்குவது ஒன்றுதான் பேட்டரியின் வேலை.

விலக்குவதற்கு இரண்டு வழி உண்டு. மலிவான வீட்டு லாக்கர்களில் பெரும்பாலும் சொலினாய்டு இருக்கும். செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, நடுவில் ஓர் இரும்புத் தண்டை வைத்த அமைப்பு அது. சுருளில் கரண்ட் பாய்ந்தால் காந்தமாகித் தண்டை இழுக்கும், கரண்ட் நின்றால் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். விலை கூடிய பூட்டுகள் சிலவற்றில் சொலினாய்டுக்குப் பதிலாக ஒரு குட்டி மோட்டார் இருக்கும். எதுவாக இருந்தாலும் பேட்டரியைக் கழற்றினால் முளை குறுக்கே நின்றபடியேதான் இருக்கும், அதனால் கதவு பூட்டியேதான் இருக்கும். அலுவலகக் கண்ணாடிக் கதவுகளில் கரண்ட் இருக்கும்வரை மின்காந்தம் பிடித்துக்கொண்டிருக்கும், போனால் விட்டுவிடும்; தீ விபத்தில் ஆட்கள் வெளியே ஓட வேண்டும் என்பதற்காக அப்படி. அதைப் பார்த்த நினைவில்தான் லாக்கரும் திறந்துகொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள்.

நம்பர் விஷயம் இன்னும் எளிது. உங்கள் ரகசிய எண் அழியா நினைவகத்தில் எழுதப்படுகிறது, அதாவது கரண்டே இல்லாவிட்டாலும் எழுதியதை அப்படியே வைத்திருக்கும் சிப்பில். பேட்டரியை எடுத்துவிட்டு மாதக்கணக்கில் கிடந்தாலும் பழைய நம்பர்தான். ஆகவே பேட்டரி தீர்ந்த லாக்கரில் ஃபேக்டரி நம்பரை, அதாவது வாங்கும்போது அதில் இருந்த நம்பரை, போட்டுப் பார்ப்பது வீண் வேலை. வீண் வேலை மட்டுமா, தப்பான நம்பரைச் சில முறை போட்டால் பூட்டு சில நிமிடங்களுக்கு எதையுமே ஏற்காது, நாலைந்து தவறுக்கு ஐந்து நிமிடம் என்பது பல பூட்டுகளில் உள்ள வழக்கம். அந்த நேரத்தில் சரியான நம்பரைப் போட்டாலும் திறக்காது, அப்புறம் "நம்பரே மாறிப்போச்சு" என்ற வதந்தி கிளம்பும்.

இதுவரை பார்த்தது: கதவைத் திறப்பது கை, பேட்டரி ஒரு முளையை விலக்குகிறது. பேட்டரி செத்தால் நம்பர் போகாது, கதவும் திறக்காது.

பீப் சத்தம் எதை நிரூபிக்கிறது?

பனிக்கால விடியலில் பழைய ஜீப்பை ஸ்டார்ட் செய்து பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஹெட்லைட் எரியும், ஹாரன் அடிக்கும், ஆனால் செல்ஃப் அடித்தால் 'டிக், டிக்' என்பதோடு சரி. லைட்டும் ஹாரனும் கேட்பது கொஞ்சம், ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரே மூச்சில் கேட்பது அதிகம். லாக்கரிலும் பீப் சத்தமும் பச்சை லைட்டும் சேர்ந்து மிகச் சின்ன அளவு கரண்டைத்தான் எடுக்கும். சொலினாய்டோ மோட்டாரோ இயங்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அதைப் போலப் பல மடங்கு வேண்டும்.

அப்படியென்றால் வயதான பேட்டரியால் கொஞ்சம் தர முடிகிறது, அதிகம் தர முடியவில்லை. ஏன்? ஒவ்வொரு பேட்டரிக்குள்ளும் கரண்டின் ஓட்டத்துக்கு ஒரு தடை உண்டு, அதற்கு உள்தடை என்று பெயர். புதிதாக இருக்கும்போது இது ரொம்பக் குறைவு. உள்ளே இருக்கிற ரசாயனம் தீரத் தீர இது ஏறிக்கொண்டே போகும். எவ்வளவு கரண்டை இழுக்கிறோமோ அந்த அளவுக்கு உள்தடை வோல்ட்டேஜைத் தின்னும்.

விளங்குவதற்காக நானே வைத்துக்கொண்ட எண்களில் ஒரு கணக்கு; கரண்டை (ஆம்பியர்) உள்தடையால் (ஓம்) பெருக்கினால் உள்ளேயே போகும் வோல்ட் கிடைக்கும். நாலு பென்சில் பேட்டரி போடும் லாக்கர், மோட்டாருக்கு அரை ஆம்பியர் வேண்டும், பீப்புக்கு 0.02 ஆம்பியர் போதும் என்போம். புது செட் 6 வோல்ட், மொத்த உள்தடை 1 ஓம். மோட்டார் ஓடும்போது அரை வோல்ட் உள்ளேயே போய்விடும், மீதி 5.5 வோல்ட், கதவு ஜம்மென்று திறக்கும். பழைய செட் சும்மா இருக்கும்போது 5.2 வோல்ட், உள்தடை 4 ஓம். பீப் அடிக்கும்போது உள்ளே போவது 0.08 வோல்ட்தான், சத்தம் புதுசு மாதிரியே கணீரென்று வரும். மோட்டாரை ஓட்டப் போனால் 2 வோல்ட் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், வெளியே வருவது 3.2. முளை அசைய மறுக்கும், சில நேரம் அந்தச் சரிவில் லாக்கரின் சிப்பே மயங்கி ரீசெட் ஆகிவிடும். பச்சை லைட் எரிந்து, 'க்ளிக்' என்று அரைகுறையாக ஒரு சத்தம் வந்து, எல்லாம் அணைந்துபோவது இதனால்தான்.

வோல்ட்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் வைத்திருக்கும் நண்பர்களும் இதே இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். பேட்டரியைத் தனியே எடுத்து அளந்தால் அந்த 5.2 தான் தெரியும், ஒவ்வொன்றும் 1.3 வோல்ட், பரவாயில்லையே என்று தோன்றும். சுமை இல்லாமல், அதாவது எதையும் ஓட்டாமல், அளப்பதால் உள்தடை கண்ணில் படுவதே இல்லை.

சுருக்கமாக, பீப் சத்தம் கீபேட், அதாவது நம்பர் அமுக்கும் பலகை, விழித்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. முளையை விலக்கத் தெம்பு இருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

கடையில் எந்த பேட்டரியைக் கேட்பது

பெட்டிக்கடையில் ரிமோட்டுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் வாங்கும் மலிவான செல் பெரும்பாலும் ஜிங்க் கார்பன் வகை. கடிகாரம் சொட்டுச் சொட்டாகத்தான் கரண்ட் குடிக்கும், அதற்கு அது போதும். ஆனால் அதன் உள்தடை புதிதிலேயே அதிகம், லாக்கருக்குப் போட்டால் சீக்கிரமே பிரச்சினை செய்யும். உறையில் ஆல்கலைன் என்று எழுதியிருக்கிறதா பார்த்து வாங்குங்கள். கூடவே எந்த வருடம் வரை பயன்படுத்தலாம் என்ற தேதியையும் பாருங்கள், சின்னக் கடைகளில் 9 வோல்ட் பேட்டரி எப்போதாவதுதான் விற்கும் என்பதால் அட்டையில் பழசு தொங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

9 வோல்ட் என்றால் பலம் அதிகம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. கார்ட்லெஸ் மைக்கில் போடுவார்களே, அந்தச் சதுர பேட்டரியைப் பிரித்தால் உள்ளே 1.5 வோல்ட் குட்டி செல்கள் ஆறு வரிசையாக இருக்கும், அவ்வளவுதான். செல் சின்னது, அதனால் அதில் இருக்கும் சரக்கு ஒரு பென்சில் பேட்டரியைவிடக் குறைவு, உள்தடையும் கூடுதல். இரண்டு 9 வோல்ட் போடச் சொல்லும் லாக்கரில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை. மாற்றினால் மொத்த செட்டையும் மாற்ற வேண்டும், ஒரே பிராண்டாக, ஒரே சமயத்தில்.

கேமராவுக்குப் போடும் ரீசார்ஜ் பேட்டரியைப் போடலாமா என்றால், வேண்டாம். அது ஒன்று 1.2 வோல்ட், நாலு போட்டாலும் 4.8 தான். சும்மா கிடந்தாலும் சார்ஜ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். லித்தியம் வகையின் சிக்கல் நேர் எதிர்: கடைசிவரை வோல்ட்டேஜ் இறங்காமல் நின்று, திடீரென்று விழுந்துவிடும். லாக்கர் தரும் 'பேட்டரி குறைவு' எச்சரிக்கை வோல்ட்டேஜ் மெல்ல இறங்குவதை நம்பித்தான் வேலை செய்கிறது, அதனால் எச்சரிக்கை வருவதற்குள் கதை முடிந்துவிடும். பல பூட்டுகளின் கையேட்டில் ஆல்கலைன் மட்டும் என்று போட்டிருப்பது இதற்காகத்தான்.

மலைக்குளிரும் ஈரமும்

குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2,240. டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். பேட்டரிக்குள் நடப்பது ரசாயன வேலை, குளிரில் அது மந்தமாகும், உள்தடை ஏறும். அதற்காக எல்லாப் பழியையும் குளிர்மேல் போடவும் கூடாது. வீட்டுக்குள் வெளியே இருக்கும் அளவுக்குக் குளிர் இறங்காது, புது ஆல்கலைன் ஊட்டிக் குளிரைத் தாராளமாகத் தாங்கும். ஏற்கெனவே முக்கால்வாசி தீர்ந்த பேட்டரியைத்தான் குளிர் கீழே தள்ளிவிடும். சாயந்தரம் திறந்த லாக்கர் காலை ஆறு மணிக்குத் திறக்காமல், பதினோரு மணி வெயிலுக்கு மறுபடி திறந்தால் அதைப் பேய் வேலை என்று நினைக்க வேண்டாம். பேட்டரி மாற்றச் சொல்கிறது, அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் இங்கே குளிரைவிட ஈரம்தான் பெரிய எதிரி. மழைக்காலத்தில் பீரோவுக்குள் இருக்கும் தோல் பையே பூஞ்சை பிடிக்கிறது என்றால் பேட்டரி உட்காரும் ஸ்பிரிங் மட்டும் தப்பிக்குமா? துரு ஏறினால் அதுவும் கரண்டுக்கு ஒரு தடை, உள்தடையோடு சேர்ந்துகொண்டு அதே வேலையைச் செய்யும். புது பேட்டரி போட்டும் பலன் இல்லை என்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். தீர்ந்த பேட்டரியை உள்ளேயே விட்டுவைத்தால் அது கசிந்து வெள்ளையாகப் பொரி பொரியாய்ப் படியும். ஆல்கலைன் பேட்டரியில் இருக்கும் காரத் திரவம் வெளியே வந்து காற்றோடு சேர்ந்து காய்ந்த உப்பு அது. வெறுங்கையால் தொடாதீர்கள். வினிகரோ எலுமிச்சைச் சாறோ நாலு சொட்டு பஞ்சில் நனைத்துத் துடைத்தால் கரையும், பிறகு ஈரம் இல்லாமல் நன்றாக உலர்த்திவிட்டுப் புது பேட்டரியைப் போடலாம்.

சீசனுக்கு மட்டும் திறக்கிற காட்டேஜ்களில் இது வருடா வருடம் நடக்கிற கூத்து. ஏப்ரல், மே முழுக்க விருந்தினர்கள் அறை லாக்கரைத் திறந்து மூடி பேட்டரியைப் பாதி காலி செய்துவிட்டுப் போவார்கள், ஜூனில் அறையைப் பூட்டுவார்கள், மழை முழுக்க அது அப்படியே ஈரத்தில் கிடக்கும், அடுத்த சீசனில் முதல் விருந்தாளி வந்ததும் ரிசப்ஷனுக்குப் போன் வரும். அறையைப் பூட்டும் நாளிலேயே லாக்கர் கதவைத் திறந்துபோட்டு பேட்டரியைக் கழற்றி எடுத்துவிடுங்கள். நம்பர் எங்கேயும் போகாது என்றுதான் மேலேயே பார்த்துவிட்டோமே.

சரி, திறக்கவில்லை. இப்போது என்ன செய்வது?

முதலில், நம்பரை மறுபடி மறுபடி அடிப்பதை நிறுத்துங்கள். ஒவ்வொரு முயற்சியும் மிச்சமிருக்கும் தெம்பையும் உறிஞ்சும்.

அடுத்து, பேட்டரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கீபேடுக்குள்ளேயே, அதாவது கதவுக்கு வெளியே இருந்தால் கவலையே இல்லை: கீபேடின் அடியிலோ பக்கவாட்டிலோ ஒரு மூடி இருக்கும், அல்லது கீபேடே மேலே தூக்கினால் கழன்று வரும், பேட்டரியை மாற்றிவிடலாம். இழுக்கும்போது மட்டும் பதறாதீர்கள், பின்னாலிருந்து போகிற வயர் மெல்லிசு. 9 வோல்ட் பேட்டரியின் தலையில் மாட்டும் கிளிப்பையும் வயரைப் பிடித்து இழுக்காமல் கிளிப்பைப் பிடித்தே கழற்றுங்கள். வயர் அறுந்தால் பேட்டரிப் பிரச்சினை உண்மையான பூட்டுப் பிரச்சினையாகிவிடும்.

பேட்டரி கதவின் உள்பக்கம் இருந்தால், அதாவது பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தால், செய்தவர்கள் வெளியே வேறு வழி வைத்திருப்பார்கள். கீபேடில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரிகிறதா பாருங்கள். புது 9 வோல்ட் பேட்டரியைப் பிளஸ், மைனஸ் பார்த்து அதில் அழுத்திப் பிடிக்க வேண்டும், பிடித்தபடியே நம்பரைப் போட்டு, பிடித்தபடியே கைப்பிடியைத் திருப்ப வேண்டும். பச்சை லைட் வந்ததும் பேட்டரியை எடுத்துவிட்டுக் கைப்பிடிக்குப் போகிறவர்கள்தான் அதிகம், அங்கேதான் கோட்டை விடுகிறார்கள், ஏனென்றால் முளை விலக வேண்டிய நேரமே அதுதான். கீபேட், பேட்டரி, கைப்பிடி என்று மூன்றையும் ஒருவரே சமாளிப்பது கஷ்டம், பக்கத்தில் ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். சில லாக்கர்களில் இந்தப் புள்ளிகளுக்குப் பதிலாக, தனி பேட்டரிப் பெட்டியைச் செருகும் துளை இருக்கும், புதியவை சிலவற்றில் பவர் பேங்க் செருகும் யுஎஸ்பி துளையே வந்துவிட்டது.

எதுவும் இல்லாவிட்டால் அவசரச் சாவி. மலிவான லாக்கர்களில் பிராண்ட் பெயர் எழுதிய சின்ன மூடிக்குப் பின்னால் சாவித் துளை ஒளிந்திருக்கும். இந்தச் சாவியை லாக்கருக்குள்ளேயே பத்திரமாக வைத்துப் பூட்டுகிற வழக்கத்தை என்ன சொல்வதென்றே தெரியவில்லை. தயவுசெய்து இன்றைக்கே எடுத்து வேறு இடத்தில் வையுங்கள்.

வெளியிலிருந்து எடுக்க முடிகிற பேட்டரி, கடையோ பூட்டியிருக்கிறது, அவசரமாகத் திறந்தாக வேண்டும் என்றால் ஒரு கைவைத்தியம் உண்டு. பேட்டரியைக் கழற்றி சட்டையின் உள் பையில் அரை மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். ஓய்வும் உடம்புச் சூடும் சேர்ந்து ஒரு தடவை திறக்கிற தெம்பைத் தரலாம். அடுப்புப் பக்கமோ ஹீட்டர் மேலோ வைக்காதீர்கள், கசியும், வெடிக்கவும் கூடும்.

புது ஆல்கலைன் போட்டும் மோட்டார் முனகுகிறது என்றால் முளைமேல் பாரம் இருக்கலாம். உள்ளே ஃபைலும் பையும் திணித்துக் கதவை உந்திக்கொண்டிருந்தாலோ, நம்பர் போடும் முன்பே கைப்பிடியைத் திருப்பிப் பிடித்திருந்தாலோ முளை இறுகிக்கொள்ளும். கைப்பிடியைப் பூட்டும் பக்கமாகத் திருப்பி, கதவை உள்ளே அழுத்தி, அப்புறம் நம்பரைப் போடுங்கள். பச்சை வந்ததும் சில நொடிகள்தான் அவகாசம், அதற்குள் திருப்புங்கள்.

மாற்றும்போது கதவு திறந்தே இருக்கட்டும்

திறந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் பேட்டரியை மாட்டி உடனே மூடிவிடாதீர்கள். கதவு திறந்திருக்கும்போதே கைப்பிடியைத் திருப்பிக் கம்பிகளை வெளியே நீட்டி, பூட்டவிட்டு, நம்பரைப் போட்டுத் திறந்து பாருங்கள். இரண்டு மூன்று முறை தடங்கல் இல்லாமல் திறந்த பிறகு மூடினால் போதும். நம்பரை மாற்றினாலும் இதே சோதனைதான். வருடத்துக்கு ஒரு தடவை, எச்சரிக்கை வராவிட்டாலும், மழை தொடங்கும் முன் மாற்றிவிடுவது மலையில் இருப்பவர்களுக்கு நல்லது. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்ததே, அந்த மாதிரி வாரத்தில் பேட்டரி தீர்ந்தால் கோவையிலிருந்து யாரும் ஏறி வர முடியாது. திறக்கும்போது வழக்கத்துக்கு மாறாகப் பல பீப் அடித்தாலோ சிவப்பு லைட் மின்னினாலோ அது அந்த வார வேலை, அடுத்த மாத வேலை இல்லை.

கதவு திறந்திருக்கும்போதே உள்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள், பில்லையும் வெளியே வையுங்கள். புது பேட்டரி, சுத்தமான தொடர்பு, பாரம் நீக்கியது எல்லாம் செய்தும் அசையவில்லை என்றால் ஆளைக் கூப்பிடத்தான் வேண்டும், அவர் முதலில் கேட்பது அந்த எண்களைத்தான். அவர் வரும்வரை சுத்தியலால் தட்டிப் பார்க்கிற யோசனை மட்டும் வேண்டாம். தரமான லாக்கர்களில் ரீலாக்கர் என்று இரண்டாவது தாழ் ஒன்று உண்டு, யாரோ உடைக்கிறார்கள் என்று தெரிந்தால் விழுந்து கதவைப் பிடித்துக்கொள்வதற்காகவே வைத்தது. அது விழுந்துவிட்டால் சரியான நம்பரும் புது பேட்டரியும் இருந்தும் கதவு திறக்காது, வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.